நாலு மணி நிகழ்ச்சி

இந்தக் காலத்தில் வண்டிக்காரன் எவனும் மெக்கானிக்கிடம் உண்மை பேசுவதில்லை. மூன்று மாதமாகக் கதறும் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, இன்று காலையில்தான் ஆரம்பித்தது என்பான். அதனால் நான் ஆளை நம்புவதில்லை, சத்தத்தைத்தான் நம்புவேன்.

சனிக்கிழமை சிநேகிதன் வதீஹின் பழைய மெர்சிடிஸ் டாக்ஸி, புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் என் பட்டறை இருக்கும் சந்துக்குள் நுழைந்தபோது எனக்குக் கேட்டது சாவுச் சத்தம். கரகரவென்று அரைத்து, நடுவில் கீச்சென்று இழுத்தது. அதற்கு அடியில் எண்ணெயில் எதையோ பொரிப்பதுபோல ஓர் இரைச்சல். தண்ணீர் பம்ப் பேரிங் போய்விட்டது என்று பதின்மூன்றாம் நம்பர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

பானெட்டில் கை வைப்பதற்குள் வதீஹ் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினான். முகத்தில் மாதா கோயிலுக்குள் இருப்பவனின் பயபக்தி.

"யோவ் பர்கேவ், கைய எடுய்யா. பேரிங்கும் இல்ல, ஒண்ணும் இல்ல. அது ரேடியோ. என் பொண்ணு நிகழ்ச்சி."

அவன் மகள் ஸல்ஃபா, நாலைந்து பேர் சேர்ந்து சொந்தமாக நடத்தும் ஒரு சின்ன ரேடியோவில் இருக்கிறாள். சனிக்கிழமை நாலிலிருந்து ஐந்து வரை அவளுடைய நேரம். பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. கம்ப்யூட்டரையும் வயர்களையும் வைத்து யார் யாரோ உண்டாக்கும் சத்தங்களைத் தேடிப் பிடித்துப் போடுவாள். ஊர் ஊராக இதற்கென்றே கேட்கிற கூட்டம் இருக்கிறதாம். இருக்கட்டும், நான் பார்த்ததில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால், சொந்தக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில், உன் நிகழ்ச்சி கறிக்கடை மெஷினில் எலும்பு சிக்கியதுபோல இருக்கிறது என்று வதீஹ் சொல்லிவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு தோழியின் அறைக்குப் போனவள் வீடு திரும்பவில்லை. அம்மா அவளுக்கென்று எடுத்து வைக்கும் கிப்பே, அந்தக் கறி உருண்டை, வாரா வாரம் பூனைக்குப் போகிறது.

போனில் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். ரேடியோவின் குமிழைத் தொடாமல் ஒரு முழு நிகழ்ச்சியைக் கேட்க வேண்டும், கேட்டதைத் தன்னிடம் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வருவதைப் பற்றி அதற்கப்புறம்தான் பேச்சு.

ரோட்டில் நின்றால் சவாரி ஏறுகிறவன் ஸ்டேஷனை மாற்றச் சொல்வான் என்றுதான் என் பட்டறைக்கு வந்திருக்கிறான். நான் எட்டிப் பார்த்தேன். ரேடியோவின் சிவப்பு முள் அவள் ஸ்டேஷனில்தான் நின்றது. மணி நாலு ஐந்து.

அப்படியும் எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு நிமிடம் எஞ்சினை நிறுத்து, தெரிந்துவிடும் என்றேன். நிறுத்தினால் ரேடியோவும் சேர்ந்து செத்துவிடும், பேட்டரியில் உயிரில்லை என்றான். போன மாதமே பேட்டரியை மாற்று என்று அவனைத் திட்டியவன் நான்தான், இப்போது என்ன பேசுவது? ரேடியோவையாவது ஒரு நொடி அணை என்றதற்கு, என் பெண்ணைவிட உன் பேரிங் பெரிசா என்று கேட்டான்.

வேறு வழியில்லாமல் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் சிகரெட் பெட்டியைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் மணி பார்த்து எழுதிக்கொண்டே இருந்தான். நாலு பன்னிரண்டு, கோபம். நாலு இருபது, கல் அரைக்கிறார்கள், ஆனால் நன்றாக அரைக்கிறார்கள்.

நாலரைக்கு மேல் மரத்துப்போன வலது காலை பெடல் பக்கம் மெல்ல நீட்டி, சீட்டில் சாய்ந்தான். சத்தம் ஒரு படி உயர்ந்தது, இன்னொரு படி உயர்ந்தது, அப்படியே நின்று அழுதது. வதீஹின் கண்ணும் நிறைந்துவிட்டது.

"எப்படி ஏத்துறா பாருய்யா," என்றான். "இவ்வளவு துக்கத்த எங்கய்யா வெச்சிருந்தா இவ?"

சரியாக ஐந்து மணிக்கு ஸல்ஃபாவே கூப்பிட்டாள். அவளை வாய் திறக்க விடாமல், நானும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு, சிகரெட் பெட்டியை ஒரு வரி விடாமல் வாசித்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை பேசியது தப்பு என்றான். கடைசியில் வந்த அந்த அழுகைக்கு நானே அழுதுவிட்டேன் என்றான்.

"அப்பா," என்றாள். "இங்க மூணு மணிலேர்ந்து கரண்ட் இல்ல. ஜெனரேட்டரும் படுத்துடுச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன். இன்னிக்கு நிகழ்ச்சியே போகலப்பா."

வதீஹ் என்னைப் பார்த்தான். நான் பானெட்டைப் பார்த்தேன். பேரிங் என்றால் பேரிங்தான், அந்தப் பொரிகிற இரைச்சல் மட்டும்தான் ரேடியோ என்று சொல்லிவிட்டு ஸ்பேனரோடு இறங்கினேன். ஐம்பது வருஷத் தொழில் எனக்கு.

அப்படியானால் எதைக் கேட்டு அழுதீர்கள் என்று அவள் விடாமல் கேட்டாள். வதீஹ் இறங்கி வந்து போனை பானெட்டின் மேல் வைத்தான். கரகர, கீச். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று. போதும், எஞ்சினை நிறுத்து என்று நான் அவனுக்குக் கை காட்டினேன்.

"பர்கேவ் மாமா, மைக்க எடுத்துட்டுக் கிளம்பிட்டேன். நான் வர்ற வரைக்கும் அத ரிப்பேர் பண்ணிடாதீங்க."

வதீஹ் ஓடிப்போய், கிப்பே செய்யச் சொல்லி மனைவிக்குப் போன் போட்டான். நான் ஸ்பேனரைப் பைக்குள் போட்டுக்கொண்டு காபிக் கடைப் பக்கம் நடந்தேன். எவள் வந்து பதிவு செய்தாலும் அது பேரிங்தான்.