அண்ணன் உட்கார ஒரு நாற்காலி

வாயில் ஏழு ஆணி. வலக்கையில் சுத்தியல். நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேலேயே முழங்காலை ஊன்றியிருந்தாள்.

நாடா தொய்யக் கூடாது. தொய்ந்தால் உட்காருகிறவருக்கு இடுப்பு போய்விடும். அண்ணனுக்கு ஏற்கெனவே இடுப்பு சரியில்லை.

மூடிப்போன கிளினிக் ஒன்றின் வாசலில் கிடந்த நாற்காலி அது. கை, கால் எல்லாம் தேக்கு. ரெக்சின் மட்டும் கிழிந்து ஸ்பிரிங் எட்டிப் பார்த்தது. எடுத்துக்கொண்டு போனால் புண்ணியம் என்றார்கள். இரண்டு மாடி தனியாகத் தூக்கி வந்தாள்.

கடையில் கொடுத்துத் தைக்க வசதி இல்லை. ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கட்டில் நாடா. மேலே போர்த்த, எக்ஸ்போர்ட்டில் கழித்த திரைத்துணிதான் கரூரில் கிலோக் கணக்கில் கிடைக்கிறதே. நீலத்தில் வெள்ளைக் கோடு. ஓரிடத்தில் கோடு கோணியிருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டாள்.

பஞ்சுக்குத்தான் யோசித்தாள்.

வீட்டில் தலையணை இரண்டு இருந்தன. அவர் போய் இரண்டு வருடம்.

ஒன்றைப் பிரித்தாள்.

இலவம்பஞ்சு அறை முழுக்கப் பறந்தது. தும்மினாள். கொஞ்சம் அழுதாள். எது எதனால் என்று கண்ணுக்குத் தெரியுமா என்ன.

அவளாகத் தேடிக்கொண்ட கல்யாணம். பதினோரு வருடத்தில் அண்ணன் இந்தப் படி ஏறியதில்லை. கணவர் இறந்த அன்றுகூடத் தெருவிலேயே, பந்தலுக்கு வெளியே நின்றுவிட்டுப் போனார். இப்போது மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, வெள்ளிக்கிழமை அண்ணியோடு வருவதாகப் போன் செய்திருக்கிறார்.

கை நனைக்க மாட்டார். அது அவளுக்குத் தெரியும். போகட்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

உட்கார்ந்துவிட்டால் உறவு. நின்றபடியே போனால் ஊருக்காக வந்தது.

சொன்னபடி வந்தார்கள். படி ஏறிய மூச்சு அண்ணனுக்கு அடங்கவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. செருப்போடு நிலைப்படிக்கு வெளியிலேயே நின்றார்.

"உள்ள வந்து உக்காருங்கண்ணா."

அண்ணன் நாற்காலியைப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார். கால் ஒன்று செருப்பிலிருந்து பாதி வெளியே வந்தது.

அண்ணி தொண்டையைச் செருமினாள்.

"இருக்கட்டும் அம்மணி. இன்னும் பத்து வீடு பாக்கி" என்றார் அண்ணன்.

பத்திரிகையைக் கையில் கொடுப்பதுதான் முறை. அவள் இரண்டு கையையும் நீட்டினாள். அண்ணி தன் கையில் இருந்த தட்டில் குங்குமச் சிமிழைப் பார்த்தாள். அவள் நெற்றியைப் பார்த்தாள். பிறகு ஓரடி உள்ளே வந்து, பத்திரிகையை நாற்காலியின் மேல் வைத்தாள்.

தட்டு திரும்பிப் போனது.

அவர்கள் படியிறங்கும் சத்தம் தெரு வரைக்கும் கேட்டது. அண்ணன் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று இறங்கினார்.

ஒரு பத்திரிகைக்கு என்ன கனம் இருந்துவிடப் போகிறது. மெத்தை துளிகூட அமுங்கவில்லை.

நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நாற்காலிக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"மாப்பிள்ளைக்கு எந்த ஊருங்கண்ணா?" என்று கேட்டாள்.