நகராத புள்ளி

சக்கரத்தின் நடுமூடி மேல் உள்ளங்கையை வைத்தேன். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன்.

பத்து எண்ணும் வரை கை தாங்கினால் ஓட்டலாம். ஐந்தில் எடுத்தால் கவனிக்க வேண்டும். மூன்று என்றால் நிறுத்தியே ஆக வேண்டும்.

இடப்பக்கச் சக்கரம் பத்து தாங்கியது. வலப்பக்கம்தான் கொதித்தது.

பட்டர்வொர்த்தில் காலை ஏழு மணிக்குப் புறப்பட்டவன், பகல் பன்னிரண்டு வெயிலில் சுங்கை பஞ்சாங் வயல்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். பிக்கப்புக்குப் பின்னால் டிரெய்லர். டிரெய்லர் மேல் பதினாறடிப் பாய்மரப் படகு. பழையது; எனக்குச் சொந்தமாகி ஐந்து மணி நேரம்தான் ஆகிறது. கோலா சிலாங்கூரில் என் வீட்டுக்கு இன்னும் ஒரு மணி நேர வழி இருந்தது.

படகு டிரெய்லர்களுக்கென்றே உள்ள வியாதி இது. படகை இறக்கும்போது டிரெய்லரும் கடலுக்குள் போகிறது. ஓடி வந்த சக்கரத்தின் பேரிங் அப்போது சூடாக இருக்கும். தண்ணீர் பட்டதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு உப்புத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் கிரீஸ் பால் மாதிரி வெளுத்து, வழவழப்புப் போய், இரும்பும் இரும்பும் உரசும். புது கிரீஸை அடித்துப் பழையதை வெளியே தள்ளி, ஆற விட வேண்டும். அவ்வளவுதான்.

இதை நான் சொல்ல ஆரம்பித்தால் என் மகள் தனுஜா "ம்" என்பாள். எவ்வளவு நீளமாகச் சொன்னாலும் அந்த "ம்" ஒரே நீளம்தான்.

அவள் சுங்கை சோவில் இருக்கிறாள். காலையில், "தனியா வர்றீங்க, லொகேஷன் போடுங்கப்பா" என்று எழுதியிருந்தாள். போட்டேன், எட்டு மணி நேரத்துக்கு. அது எளிமையான ஏற்பாடு. அவள் போனில் ஒரு வரைபடம், அதில் நான் ஒரு புள்ளி. வண்டி ஓடினால் புள்ளி ஓடும். நின்றால் நிற்கும்.

கிரீஸ் அடித்து முடித்தேன். கால் மணி நேரத்தில் மூடி ஆறிவிட்டது.

நான் கிளம்பவில்லை.

வயலுக்கு நடுவே ஒரு புள்ளி நகராமல் நின்றால், பார்க்கிறவர் ஏன் என்று கேட்பார் அல்லவா? நானே கூப்பிட்டுச் சொல்லலாம். சொன்னால் "ம்" என்பாள். எனக்கு அவளாகக் கேட்க வேண்டும்.

கேட்டால் அப்போதே சொல்லிவிடுவது என்று இருந்தேன். இது இரண்டு பேர் ஓட்டும் படகு. ஒருவர் சுக்கானைப் பிடிக்க, மற்றவர் முன்பாயின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காற்று வரும் பக்கத்து ஓரத்தில் உட்கார்ந்து வெளியே சாய வேண்டும். அந்த எடை இல்லாவிட்டால் படகு கவிழும். அந்த இரண்டாவது ஆள் நீதான் என்று சொல்ல வேண்டும்.

போனை மட்கார்டு மேல் வைத்துவிட்டுச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன்.

மோட்டார் சைக்கிளில் வந்த ஒருவர் வேகத்தைக் குறைத்தார். "என்னண்ணே, பெரிய வெள்ளம் வருதுன்னு சொல்லிட்டானுங்களா?"

"இல்லங்க, பேரிங் சூடாயிருச்சு. அதாவது, உப்புத் தண்ணி உள்ள போயி..."

"எடம் இருந்தா எனக்கும் ஒரு சீட்டு போட்டு வைங்க லா!" அவர் போய்விட்டார்.

படகை விற்ற திருச்செல்வத்தை நினைத்துக்கொண்டேன். அவரும் என்னிடம் அதிகம் பேசவில்லை. முழங்கால் ஆபரேஷன் ஆன மனிதர். எட்டு வருஷம் வைத்திருந்த படகு. ஒப்படைத்தார், நான் முனை திரும்புவதற்குள் கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். இப்படியும் ஒரு மனிதரா என்று தோன்றியிருந்தது.

இருபத்தைந்தாவது நிமிடம் போன் ஒலித்தது.

'ஏன் நின்னுட்டீங்க?'

போனைத் தூரத்தில் பிடித்து இன்னொரு முறை படித்தேன். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யோசிப்பதற்குள் அடுத்தது வந்தது.

'வலது சக்கரமா? அது அப்படித்தான், கொஞ்சம் சூடாகும். மெதுவா போங்க.'

வலது என்று தனுஜாவுக்கு எப்படித் தெரியும்?

கண்ணாடியை எடுத்துப் போட்டேன். தனுஜா வைத்திருக்கும் அதே படம்தான்: பத்துமலை முருகனின் தங்கச் சிலை. தைப்பூசம் முடிந்தால் நம்மவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் படம். பக்கத்தில் இருந்த பெயர் திருச்செல்வம்.

காலையில் டிரெய்லரை மாட்டிய அவசரத்தில் பெயரைப் படிக்காமல், தங்க நிறத்தை மட்டும் பார்த்து, லொகேஷனை அவருக்குப் போட்டிருக்கிறேன்.

தனுஜாவின் பக்கத்தைத் திறந்தேன். 'லொகேஷன் போடுங்கப்பா' என்பதுதான் கடைசி வரி. மணி ஆறு ஐம்பது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. நான் போடவில்லை. வரவில்லையே என்று அவளும் கேட்கவில்லை.

அந்த வெள்ளை இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு திருச்செல்வத்துக்கு எழுதினேன்: 'வலதுதான். இப்ப ஆறிடுச்சு.' பகிர்வதை நிறுத்தவா என்று சிவப்பு எழுத்தில் போன் கேட்டது. நான் அதைத் தொடவில்லை.

கோலா சிலாங்கூரில் என் வீட்டுச் சந்து வந்தது. திரும்பவில்லை. நேராக ஆற்று முகத்துவாரத்துக்குப் போய், கடல் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தினேன். புள்ளி அங்கேயே நிற்கட்டும் என்று விட்டுவிட்டு இறங்கி நின்றேன்.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

'தண்ணி ஏறுதா, எறங்குதா?'

மட்கார்டில் உட்கார்ந்து, விளக்கமாக எழுத ஆரம்பித்தேன்.