ஐஸ் தொப்பி

"உயிரே ஊசலாடுது. இந்த லட்சணத்துல முடிதான் முக்கியமா?"

கேட்டது நான்தான். அவங்க காதுல விழற மாதிரியேதான் கேட்டேன்.

புற்றுநோய்க்கு மருந்து ஏத்துற வார்டுல நான் நர்ஸ். பத்து நாற்காலி, பத்து நோயாளி. மத்த ஒன்பது பேரும் வந்தோமா, ஏத்திக்கிட்டோமா, போனோமான்னு இருப்பாங்க. தையல் கடை வெச்சிருக்கற டெய்லர் அக்கா மட்டும் ஐஸ் தொப்பி இல்லாம உக்கார மாட்டாங்க. அவங்களுக்கு 'குளிர்ராணி'ன்னு பேரே வெச்சுட்டோம்.

அந்தத் தொப்பி ஃப்ரீசர்ல மைனஸ் முப்பது டிகிரியில கிடக்கும். தலையை நனைச்சு, அதை இறுக்கிக் கட்டணும். குளிர்ல உடம்புக்குள்ள எல்லா வேலையும் மந்தமாயிடும். முடியோட வேரும் வளர்றதை விட்டுட்டு அரைத் தூக்கத்துக்குப் போயிடும். இந்த மருந்தோ வேகமா வளர்றதைத் தேடித் தேடி அழிக்கிறது. தூங்கற வேரை அது அவ்வளவா கண்டுக்காது. முழுசாக் காப்பாத்தும்னு சொல்ல முடியாது. பாதி கொட்டினாலும் பாதி நிக்கும்.

ஆனா அரை மணிக்கு ஒரு தரம் தொப்பியை மாத்தணும். மருந்து முடிஞ்ச பிறகும் ரெண்டு மணி நேரம் அதே கூத்து. அந்த நாற்காலிக்காக வெளியில ஒருத்தர் காத்துக்கிட்டே இருப்பார். எரிச்சல் வராதா பின்னே?

முதல் பத்து நிமிஷம் மண்டையே பிளந்துடும். அக்கா பல்லைக் கடிச்சுக்கிட்டு, ரெண்டு கம்பளிக்குள்ள வெடவெடன்னு நடுங்குவாங்க. கண்ணுல தண்ணி கொட்டும். கழட்டிடலாமான்னு கேட்டா மட்டும் ஒத்துக்க மாட்டாங்க.

நாலாவது தடவை வந்தப்பதான் நான் அப்படிக் கேட்டுத் தொலைச்சேன்.

அக்கா கோபப்படலை. அவங்க அம்மாவுக்குக் கண் தெரியாதாம். தினமும் சாயங்காலம் மக தலையை வாரிப் பின்னி விடறதுதான் அவங்களுக்குப் பொழுதே. ரெண்டு வருஷம் முன்னாடி மூத்த மகளை இதே வியாதி கொண்டுபோயிடுச்சாம். அப்பப் படுத்த அம்மா எழுந்து உக்காரவே ஆறு மாசமாச்சாம். அதனால அவங்ககிட்ட வயித்துப் புண்ணுக்கு ஊசின்னு சொல்லிட்டுத்தான் அக்கா இங்க வர்றாங்க.

"எங்கம்மாவுக்குக் கண்ணு விரல்லதான் இருக்கு. முடி போச்சுன்னா கண்டுபிடிச்சுடுவா. இன்னொரு தடவை அவ தாங்க மாட்டாம்மா."

எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. அடுத்த தொப்பியைக் கட்டி விட்டேன்.

கொஞ்ச நேரத்துல அக்கா மருந்து ஸ்டாண்டைத் தள்ளிக்கிட்டு பாத்ரூம் போனாங்க. மேஜை மேல அவங்க போன் விடாம அடிச்சுது. 'அம்மா'ன்னு வந்துச்சு. எடுத்து, வந்ததும் பேசச் சொல்றேன்னேன்.

நீ யாரும்மான்னு கேட்டாங்க. நர்ஸ்னேன். வயித்துப் புண்ணுக்கு ஊசி ஏறிக்கிட்டு இருக்குன்னு நானாவே சேத்துக்கிட்டேன்.

அம்மா மெதுவா, ஊசி போட்டு வர்ற அன்னிக்கெல்லாம் அவ தலை ஏன் ஈரமா இருக்குன்னு கேட்டாங்க. முடி கொட்டாம இருக்க ஏதாவது கட்டி விடறீங்களா, அது ரொம்ப வலிக்குமான்னு கேட்டாங்க.

"பெரியவளுக்கும் இதே கைதாம்மா வாரி விட்டுச்சு. சின்னவளுக்கு முதல் கொத்து சீப்போட வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கொட்டற முடியையெல்லாம் அவ பாக்காம என் தலையணை உறைக்குள்ள திணிச்சு வெச்சிருக்கேன்."

குரல் உடைஞ்சுது. அவங்களே சமாளிச்சுக்கிட்டாங்க.

"எனக்குத் தெரியும்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதே தாயி. அம்மாவுக்குத் தெரியாதுங்கற தைரியத்துலதான் அவ நடமாடிக்கிட்டு இருக்கா."