ஒரு குறையாவது

"பானட்டைத் தொட்டுப் பாருங்கக்கா. சில்லுனு இருக்கா?"

கூட வந்த மெக்கானிக் கேட்டதும் தையல்காரம்மா காரின் முன்மூடியில் உள்ளங்கையை வைத்தாள். பழைய கார்கள் வரிசையாக நின்ற அந்தக் கொட்டகைக்குள் நுழைந்தவள், வேறு எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் நேராக இந்தச் சாம்பல் நிற டீசல் காரிடம்தான் வந்து நின்றிருந்தாள்.

"சில்லுனுதான் இருக்கு தம்பி. அதுல என்ன?"

"சில பேர் நாம வர்றதுக்கு முன்னாடியே ஓடவிட்டு சூடாக்கி வச்சிடுவாங்க. வயசான டீசல் வண்டி, சூடா இருந்தா சமர்த்தா கிளம்பிடும். ஆறிப்போயிருக்கும்போது கிளப்பினாத்தான் அதோட இருமலும் இழுப்பும் வெளிய வரும்."

"நம்மகிட்ட அந்தத் தில்லுமுல்லு கிடையாது" என்று வியாபாரி சாவியை நீட்டினார்.

சாவியைத் திருப்பியதும் ஒரே மூச்சில் கிளம்பியது. மெக்கானிக் இறங்கிப் பின்பக்கம் போய்ப் புகையைப் பார்த்தான்.

"கறுப்பும் இல்ல, நீலமும் இல்ல. நீலமா வந்தா ஆயிலைக் குடிக்குதுன்னு அர்த்தம்." அப்புறம், ஓடிக்கொண்டிருந்த இன்ஜினின் ஆயில் மூடியைக் கழற்றி, அதன்மேல் கையைக் காட்டினான். "ஆவியும் குபுகுபுன்னு அடிக்கல. உள்ள தேய்மானம் கம்மிதான்."

"அப்ப குறை ஒண்ணுமே இல்லையா?"

"என்னக்கா, நல்லா இருக்குன்னு சொன்னா பரீட்சையில ஃபெயிலான மாதிரி முகத்தை வச்சிருக்கீங்க?"

"இன்னும் நல்லா பாரு தம்பி. ஏதாவது இருக்கும்."

வியாபாரி சிரித்துவிட்டார். "பொண்ணு பார்க்க வர்றவங்ககூட இவ்வளவு நோண்ட மாட்டாங்க. யாரும்மா ஓட்டப்போறது?"

"என் பையன். டிரைவர் வேலைதான் பார்த்தான்."

"அப்ப அவரையே கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வெளியூர்ல இருக்கான். அடுத்த மாசம்தான் வரான்."

மெக்கானிக் காரைச் சுற்றி வந்தான். பெடல் ரப்பரின் தேய்மானத்தையும் மீட்டரில் காட்டிய கிலோமீட்டரையும் ஒப்பிட்டான். தரைவிரிப்பைத் தூக்கித் துரு இருக்கிறதா என்று சுரண்டினான். இடது முன்பக்கத்தில் விரலால் தட்டியவன் நின்றான்.

"இங்க மட்டும் பெயிண்ட் புதுசு. விளக்கும் மாத்தினது. எங்கேயோ முட்டியிருக்கு."

"ஒரு டாக்டர் வீட்டு வண்டி. சின்ன உரசல்னு சொன்னாங்க" என்றார் வியாபாரி. அதற்குள் யாரோ கூப்பிட, அடுத்த வரிசைக்குப் போனார்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினான். "பயப்படாதீங்கக்கா. அடிச்சட்டம் நேரா இருக்கு. தாராளமா வாங்கலாம்."

"பிரேக்கைப் பார்க்கலையே?"

"ஓட்டிப் பார்க்கும்போது தெரிஞ்சிடும்."

"இல்ல தம்பி. சக்கரத்தைக் கழட்டிப் பாரு."

அவள் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவனை மறுபேச்சுப் பேசவிடவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவள் சிமெண்டுத் தரையில் மண்டியிட்டு, அவன் தலைக்குப் பக்கத்தில் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பிரேக் பேடு மட்டும் மாத்தியிருக்காங்க. அது தேயுற சாமான். மத்ததெல்லாம் கம்பெனியில போட்டதுதான்" என்றான். எழுந்துபோய் பானட்டுக்கு அடியில் டார்ச் அடித்துக் காட்டினான். "பிரேக் சிலிண்டர் போல்ட்டைப் பாருங்க, கம்பெனியில வச்ச பெயிண்ட் பொட்டுகூட அழியல. ஸ்பேனர் பட்டதே இல்ல. எங்கேயும் கசிஞ்ச தடமும் இல்ல."

"ஒருநாள் மட்டும் பிடிக்காமப் போய், அப்புறம் தானா சரியாயிருக்குமா?"

"அது என்ன ஜலதோஷமாக்கா, தானா வந்து தானா போறதுக்கு? பிடிக்காமப் போயிருந்தா யாராவது கழட்டி மாத்தியிருக்கணும். இதை யாருமே தொடல."

"நாலு வருஷத்துக்கு முன்னாடி?"

"அப்பவும் பிடிச்சிருக்கும். சும்மா கிண்ணுனு நின்னிருக்கும்."

அவள் கழற்றிக் கிடந்த டயரின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயில் அழுத்திக்கொண்டாள்.

"என்னக்கா ஆச்சு? தண்ணி கொண்டு வரவா? வண்டி பிடிக்கலைன்னா விடுங்க, வேற பார்ப்போம்."

"வண்டி வாங்க வரல தம்பி. உன் காலை நேரத்தைக் கெடுத்துட்டேன், மன்னிச்சிடு."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"என் பையன் வெளியூர்ல இல்ல, ஜெயில்ல இருக்கான். பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பொண்ணு மேல இந்த வண்டியைத்தான் ஏத்திட்டான். 'பிரேக் பிடிக்கலைம்மா, உன்மேல சத்தியம்'னு அவன் சொன்னதை நம்பி, செத்துப்போன அந்தப் புள்ளையோட அம்மா என் வாசல்ல வந்து ஒரு நாள் முழுக்க அழுதப்ப, நான் கதவைத் திறக்கவே இல்ல தம்பி."