மடித்த சீட்டு

அமிர்தசாமி ஆறு மணிக்கு எழுந்தான். பல் தேய்த்தான். சவரக்கத்தியைத் தோல்வாரில் எட்டு முறை இழுத்துத் தீட்டினான்.

பாதிக் கன்னம் முடிந்தபோது, பக்கத்து வீட்டு தட்சணாமூர்த்தி வேலியோரம் வந்து நின்றார்.

"உன் மச்சான் ஏசுராஜ் சேதி தெரியுமாப்பா? சூசைமேரிக்குப் பிரசவமாயி, புதுச்சேரி ஆஸ்பத்திரில கெடக்குது. ரத்தம் நிக்கலியாம். மத்தியானத்துக்குள்ள ஒரு பாட்டில் ரத்தம் ஏத்தணுமாம்."

"அவன் குடுக்கலியா?"

"அவனுது சேரலியாம். உப்பளத்துல ஒவ்வொருத்தன் கால்லயா விழுந்துகிட்டிருக்கான். எவன் குடுப்பான்? கூடப் பொறந்த லீமாவையே சாவ விட்டுட்டு ஓடினவன்!"

கத்தி கன்னத்தைக் கீறியது. அமிர்தசாமி கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான். ரத்தம் உறையும்வரை கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான்.

பிறகு மனைவி லீமாவின் ஜெபப் புத்தகத்திலிருந்து மடித்த சீட்டு ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உப்பளத்துக்கு நடந்தான்.

லீமா பிரசவத்தில் இறந்து ஆறு மாதமாகிறது. 'அண்ணன் எங்கேன்னு கேட்டுக்கிட்டே போயிட்டா' என்று அடக்கத்தன்று அமிர்தசாமி சொன்னான். அன்றிலிருந்து ஏசுராஜின் பீடிக்கு ஊரில் யாரும் நெருப்புக்கூடக் கொடுப்பதில்லை.

உப்பள வரப்பில் ஏசுராஜ் கைகூப்பி நின்றான். "என்னுது சேராதுன்னுட்டாங்க. யாராச்சும் ஒருத்தர் வாங்கப்பா."

"அன்னிக்கும் இதத்தானடா சொன்ன?" உப்பு வாருவதை நிறுத்தாமல் கன்னியப்பன் கேட்டான். "தங்கச்சிக்கும் சேராது, பொண்டாட்டிக்கும் சேராது. உன் ஒடம்புல என்ன, உப்புத்தண்ணியா ஓடுது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அன்னிக்கு நான் ஆள் கூட்டியாரத்தான் வந்தேன்..." ஏசுராஜ் தொடங்கும்போதே சிரிப்பு அடங்கிவிட்டது.

வரப்பில் அமிர்தசாமி வந்துகொண்டிருந்தான். கன்னத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. ஒரு கை சட்டைப்பையை அழுத்திப் பிடித்திருந்தது.

"வேணாம்பா," என்றாள் முத்தம்மாள், கூடையைக் கீழே வைத்துவிட்டு. "அவன் பொண்டாட்டி உசுருக்குப் போராடுதுப்பா."

அமிர்தசாமி மச்சானின் கையைப் பிடித்தான். "பஸ்ஸு வருது. கெளம்பு."

"எங்க மாப்ளே?"

"வா."

யாரும் குறுக்கே வரவில்லை.

பஸ்ஸில் அமிர்தசாமி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தான். பிடியை மட்டும் விடவில்லை. ஆஸ்பத்திரி நெருங்க நெருங்க அது இறுகியது. அதைக் கோபம் என்று ஏசுராஜ் நினைத்தான்.

ஆஸ்பத்திரிப் படியில் அமிர்தசாமி நின்றுவிட்டான். முகமெல்லாம் வேர்வை.

"என் கைய விட்றாத மச்சான்."

உள்ளே, அவன் ரத்தத்தை சூசைமேரியின் ரத்தத்தோடு வைத்துப் பரிசோதித்தார்கள். சேர்ந்தது. அவனைப் படுக்க வைத்த நர்ஸ், அவன் நீட்டிய சீட்டைப் பிரித்தாள்.

"பன்னண்டு ரெண்டு எழுபத்தி நாலு. லீமாங்கிற பேஷண்ட்டுக்கு உங்க ரத்தம் சேரும்னு எழுதியிருக்கே. அன்னிக்குக் குடுத்தீங்களா?"

அமிர்தசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஏசுராஜின் பிடி தளர்ந்தது. ஆனாலும் அவன் கையை எடுக்கவில்லை.

ஊசி இறங்கியது.

"லீமா என்னக் கேக்கலியா?" ஏசுராஜ் கேட்டான்.

"இல்ல மச்சான்."

"பின்ன என்னதான் சொன்னா?"

கட்டிலுக்குக் கீழே கண்ணாடி பாட்டில் சிவப்பாக நிறைந்துகொண்டிருந்தது. அமிர்தசாமி கண்ணைத் திறந்து அதைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, அவள் சொன்னதைச் சொன்னான்.

"பயமா இருந்தா வேணாங்க."