கடைசி கார்

“யோவ் பெருசு! காரை எடுய்யா!”

ஒச்சப்பன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. முன்னால் நின்ற பச்சைக் கார் அசைந்தால்தானே!

வெள்ளைக்காரன் காலத்துக் கார் அது. மெட்ராஸில் பழைய கார் வைத்திருப்பவர்களெல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்களாம். போடிமெட்டு ஏறி, மூணாறு வழியாகக் கொச்சிக்குப் போய், அங்கிருந்து கடலோரமாகவே கன்னியாகுமரி வரைக்கும் ஊர்வலம். ராத்திரி போடியில் தங்கிவிட்டு, விடிந்ததும் வரிசையாகக் கிளம்பினார்கள். மற்ற கார்களெல்லாம் மலையேறிப் போய்விட்டன. இந்தக் கடைசி கார் மட்டும் ஒச்சப்பனின் ஜீப்புக்கு முன்னால் வந்து வாய்த்தது.

மெதுவாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளலாம். வளைவுக்கு வளைவு நின்று தொலைத்தது. தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் இறங்குவார். காருக்கு முன்னால் போய்க் குனிவார். கொஞ்ச நேரம் கழித்து, கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து ஏறுவார். அதுவரைக்கும் தாண்டிப் போகவும் வழி கிடையாது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

“தவசி, கல்லு!”

ஜீப்பின் கைபிரேக் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது. மேட்டில் நின்றால், பின்னால் தொற்றிக்கொண்டு வரும் தவசி குதித்துச் சக்கரத்துக்குக் கல் கொடுப்பான். வண்டி கிளம்பியதும் ஓடிவந்து தொற்றிக்கொள்வான். போடிமெட்டு ஏறுகிற ஜீப்புகளில் இதெல்லாம் சகஜம்.

ஜீப் நிறைய எஸ்டேட் ஆட்கள். ஏலக்காய் எடுக்கிற நேரம். பேர் கூப்பிடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். ஏற்கெனவே ஒச்சப்பன் லேட்டாகப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். “இன்னொரு நாள் லேட்டாச்சு, டிரிப்பைத் தூக்கி ஜக்கையன் ஜீப்புக்குக் குடுத்துருவேன்” என்று சூப்பர்வைசர் கண்ணுச்சாமி சொல்லிவிட்டார். அந்த டிரிப்பை நம்பித்தான் ஒச்சப்பன் வீட்டில் அடுப்பே எரிகிறது.

“அப்படி என்னதான்ண்ணே பண்றாரு குனிஞ்சு?” என்று எட்டிப் பார்த்தாள் வேலுத்தாய். அந்தப் பெரிய கார் எல்லாவற்றையும் மறைத்துக்கொண்டு நின்றது.

“சக்கரை வியாதியா இருக்கும்க்கா. வளைவுக்கு வளைவு முட்டுதோ என்னமோ” என்றான் தவசி.

“போடா! அதுக்கு நடுரோட்டுலயா ஒக்காருவாக? எதையோ பொறுக்குறாரு. மூலிகையா இருக்கும்.”

“ரோட்டுல ஏதுடி மூலிகை? சூடம் பொருத்திச் சாமி கும்பிடுறாரு” என்றாள் சுந்தரம்மாள்.

“சூடம் பொருத்துனா பொகை வராதா?”

“பொகைதான் கார்லருந்தே வண்டி வண்டியா வருதே. அதுல எங்கிட்டுத் தெரியும்?”

ஜீப்பே சிரித்தது. ஒச்சப்பனுக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

“சோலியத்தவன் பூனையைச் செரச்ச கதையால்ல இருக்கு! இவுக கடக்கரையில காத்து வாங்கப் போறதுக்கு நாம கஞ்சி குடிக்காமக் கெடக்கணுமா?”

அடுத்த வளைவிலும் கார் நின்றது.

ஒச்சப்பனுக்குப் பொறுமை போய்விட்டது. தவசி கல்லைக் கொடுத்தானோ இல்லையோ, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். என்னதான் நடக்கிறதென்று பார்த்துவிடும் ஆசையில் வேலுத்தாயும் பின்னாலேயே ஓடினாள்.

காருக்கு முன்னால் பெரியவர் ஒரு கல்லை உருட்டிக்கொண்டிருந்தார். பரங்கிக்காய் பருமன் இருக்கும். அவருக்கு மூச்சு வாங்கியது.

திட்ட வாயெடுத்த ஒச்சப்பன் நின்றுவிட்டான்.

“என்னா சார் இது?”

“கல்லுப்பா. வளைவுக்கு வளைவு நடுரோட்டுல கிடக்குது. யாரோ சக்கரத்துக்கு வெச்சுட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிருக்காங்க.”

“ஒங்க காருகதான் எல்லாம் மேல ஏறிருச்சே. பெறகு ஆருக்காக இதை எடுக்குறீக?”

“இருட்டினப்புறம் யாராவது பைக்ல வருவாங்க இல்லையா?”

ஒச்சப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த மனுஷனையா ஹாரன் அடித்து விரட்டினோம்? பெரியவரை விலக்கிவிட்டு, தானே அந்தக் கல்லைப் புரட்டி ஓரத்தில் தள்ளினான்.

“நீங்க சொல்றது நூத்துக்கு நூறு நெசம் சார். எம் மச்சான் பால்பாண்டி இப்படி ஒரு கல்லுல பைக்கை ஏத்தித்தான் காலை ஒடிச்சுக்கிட்டான். இன்னமும் எந்திரிக்க முடியாம கெடக்கான். கல்லைப் போட்டுட்டுப் போன பய மட்டும் எங் கையில சிக்குனான், தோலை உரிச்சுப்புடுவேன்! அவன்லாம் ஒரு மனுசனா சார்?”

பெரியவர் கைக்குட்டையில் கையைத் துடைத்துக்கொண்டார். ஜீப்பில் இருந்தவர்களைப் பார்த்தார்.

“எல்லாரும் வேலைக்குப் போறவங்களா? அடடா, என்னால லேட்டாயிடுச்சா? இங்கே ரோடு கொஞ்சம் அகலமா இருக்கு. நான் ஒதுக்கி நிறுத்தறேன். நீங்க முன்னாடி போங்க.”

“ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும் சார்!”

கார் ஒதுங்கியது. ஒச்சப்பன் ஓடிவந்து ஜீப்பில் ஏறினான். வெரசாகப் போனால் பேர் கூப்பிடுவதற்குள் போய்விடலாம். டிரிப் தப்பித்தது. ஊருக்கு ஊர் இப்படி ஒரு மனுஷன் இருந்தால் மழை பெய்யாமலா போகும் என்று நினைத்துக்கொண்டே எஞ்சினைக் கிளப்பினான்.

பெரியவர் காரை விட்டு மறுபடியும் இறங்கி, ஜீப்பின் பின்பக்கமாக வந்து நின்றார்.

“என்னா சார், நீங்க கெளம்பலையா?” என்று தலையை வெளியே நீட்டிக் கேட்டான் ஒச்சப்பன்.

“நீங்க கிளம்புங்க தம்பி” என்றார் பெரியவர். “உங்க பின்சக்கரத்துக்கு அடியில ஒண்ணு இருக்கு. நீங்க நகர்ந்தாத்தான் அதை எடுக்க முடியும்.”