பழிப்புக் காட்டிய குரல்

மெட்ரிகுலேஷன் பரீட்சைக்கு இன்னும் நாலே நாள். ஏற்கெனவே ஒரு தடவை தோற்றிருந்த நாறும்பூநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. படித்ததெல்லாம் குழம்பியது. இங்கிலாந்து ராஜாக்களின் வரிசையை அவன் உரக்கச் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு குரல் அதையே திருப்பிச் சொன்னது. ஒரு மாதமாக இதே கேலிதான்.

புத்தகத்தை எறிந்துவிட்டுப் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவை இடித்தான். உலகம்மாள் திறந்தாள்.

"உங்க வீட்டுல எவன் எனக்குப் பழிப்புக் காட்டுதான்? நான் இந்தத் தடவையும் தோத்தா யாரு பதில் சொல்லுவா?"

"பழிப்பு இல்ல தம்பி. எம் மக அன்னத்தாய்தான். பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்திட்டோம். நீங்க படிக்கதைக் கேட்டுத்தான் அவ படிக்கா. இனிமே வாயைத் திறக்க மாட்டா."

அவன் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினான். கதவுக்குப் பின்னாலிருந்து அன்னத்தாய் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணே, ஒரு மாசமாச் சரியாத்தான் சொன்னிய. நேத்துலருந்து ரெண்டாம் ஜேம்ஸை விட்டுட்டுப் போறியளே. பரீட்சையிலயும் விட்டுராதிய."